பச்சையாக இருந்தால் நல்ல மேய்ச்சல் நிலமா? புல்லில் உள்ள குளோரோஃபில்லை செயற்கைக்கோள் அளப்பது எப்படி?

உங்கள் போனில் மேப்பைத் திறந்து 'பேத்தமங்களா' என்று தேடுங்கள். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றுங்கள்.

பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்ட பெரிய ஏரிதான் முதலில் கண்ணில் படும். ஒரு காலத்தில் கோலார் தங்கவயலுக்கே குடிநீர் கொடுத்த ஏரி அது. அங்கிருந்து தென்மேற்கே பத்து கிலோமீட்டர் வாக்கில் நகர்த்தினால், தங்கவயலின் சயனைடு மேடுகள் வெளிறிப்போய்த் தெரியும். சுற்றிலும் ராகி வயல்கள், தோப்புகள், பாறைக் குன்றுகள். இவற்றுக்கு நடுவே, எந்தப் பெயரும் எழுதப்படாத பழுப்புத் திட்டுகள் அங்கங்கே கிடக்கும்.

அந்தப் பழுப்புத் திட்டுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கர்நாடகத்தில் கிராமத்து ஆடு மாடுகள் மேய்வதற்காக ஒதுக்கப்பட்ட அரசு நிலத்துக்கு 'கோமாளா' என்று பெயர். தமிழ்நாட்டில் மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி என்று சொல்வோமே, அதேதான். 100 மாடுகளுக்கு 12 ஹெக்டேர், அதாவது சுமார் 30 ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருக்க வேண்டும் என்கிறது கர்நாடக நில வருவாய் விதிகள், 1966.

நீங்கள் மேப்பில் பார்க்கும் பழுப்புத் திட்டு, புல் வளரும் நிலமா அல்லது ஒன்றுக்கும் ஆகாத நிலமா? படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. மார்ச் மாதத்தில் எடுத்திருந்தால் பழுப்பு. அக்டோபரில் எடுத்திருந்தால் அதே இடம் பச்சை.

நான் டேட்டா வேலைக்கு வந்த புதிதில், நவம்பர் மாதப் படத்தையும் அடுத்த மார்ச் மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'பசுமை குறைந்தது' என்று ஒரு வரைபடம் போட்டேன். எடிட்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மழை எப்போ பெஞ்சுது?" அந்த வரைபடம் வெளிவரவில்லை.

'தரிசு' என்ற ஒரு சொல்லின் விலை

இது ஏதோ டெக்னிக்கல் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நிலத்தின் தலையெழுத்தே இதில் இருக்கிறது.

இந்திய அரசின் நில வளத் துறையும், ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையமும் சேர்ந்து 'வேஸ்ட்லேண்ட் அட்லஸ்' என்ற தரிசு நில வரைபடத் தொகுப்பை வெளியிடுகின்றன. 2019-இல் வந்த பதிப்பின்படி, நாட்டின் நிலப்பரப்பில் 16.96 சதவீதம் தரிசு. புதர்க்காடு போன்ற நிலங்களும், 'சீரழிந்த மேய்ச்சல் நிலம்' என்ற வகையும் இந்தப் பட்டியலுக்குள்தான் வருகின்றன.

எம்.டி. மதுசூதனும் அபி டி. வனக்கும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதே நிலங்களை வேறு கண்ணால் பார்த்தது. மரம் அடர்ந்திருக்காத, ஆனால் இயற்கையாகவே அப்படி இருக்கிற புல்வெளிகள், புதர்வெளிகள், பாலை நிலங்களை அவர்கள் 'திறந்தவெளி இயற்கைச் சூழல்' என்று பெயரிட்டு செயற்கைக்கோள் படங்களில் இருந்து வரைந்தார்கள். நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம் இப்படிப்பட்டது என்று தெரியவந்தது. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் அரசின் கணக்கில் தரிசு. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

'தரிசு' என்று எழுதப்பட்ட நிலத்தை வேறு எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். தொழிற்பேட்டை, சோலார் பூங்கா, மரத்தோட்டம், எது வேண்டுமானாலும். ஆனால் ஆடு மேய்ப்பவர் நாளைக்கு எங்கே போவார்?

அதனால்தான் 'இந்தப் புல்வெளி எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது' என்பதை எண்ணாகச் சொல்ல முடியுமா என்ற கேள்வி முக்கியமாகிறது. அந்த எண்ணுக்கு மிக அருகில் இருப்பது குளோரோஃபில்.

ஏன் குளோரோஃபில்?

குளோரோஃபில் என்பது இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் பொருள் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அதன் ஒரு மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இந்த நைட்ரஜன்தான் நமக்கு விஷயம்.

இலையில் உள்ள மொத்த நைட்ரஜனில் குளோரோஃபில்லுக்குள் இருப்பது சிறு பங்குதான். ஆனால் ஒளிச்சேர்க்கை செய்யும் புரதங்களும் குளோரோஃபில்லும் பெரும்பாலும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். எனவே குளோரோஃபில்லை அளந்தால், புல்லில் எவ்வளவு புரதம் இருக்கும் என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும்.

புல்லில் கச்சாப் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாது. செரிமானம் மந்தமாகும், மாடு தின்பதும் குறையும். வயிறு நிறைந்திருக்கும், உடம்பில் ஒட்டாது. கோடையில் மாடு வற்றிப்போவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இலை ஒளியை என்ன செய்கிறது?

சூரிய ஒளி இலையில் பட்டதும், அதில் உள்ள நீல நிறத்தையும் சிவப்பு நிறத்தையும் குளோரோஃபில் விழுங்கிக்கொள்கிறது. பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான்.

நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கிறது. சிவப்பைத் தாண்டி இருக்கும் அகச்சிவப்பு ஒளியை இலை கிட்டத்தட்ட விழுங்குவதே இல்லை. இலைக்குள் இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அகச்சிவப்பைப் பார்க்கும் கண் இருந்தால், பசுமையான புல்வெளி நமக்குப் பளீரென்று வெள்ளையாகத் தெரியும்.

சிவப்பில் இருட்டு, அகச்சிவப்பில் வெளிச்சம். உயிருள்ள இலையின் கைநாட்டு இது. மண்ணுக்கும் பாறைக்கும் காய்ந்த சருகுக்கும் இந்த வித்தியாசம் இவ்வளவு இருக்காது.

இதை வைத்து உருவானதுதான் என்டிவிஐ என்ற குறியீடு. அகச்சிவப்பில் இருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ வந்துவிடும். அகச்சிவப்பு 40 சதவீதமும் சிவப்பு 5 சதவீதமும் திரும்பி வந்தால் 35-ஐ 45-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.78. காய்ந்த தரையில் 30-ம் 20-ம் வந்தால், 10-ஐ 50-ஆல் வகுக்க 0.2.

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தக் குறியீடு பிறந்ததே புல்வெளிக்காகத்தான். 1972 ஜூலை 23-இல் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அந்தப் படங்களை வைத்து, அமெரிக்காவின் கிரேட் பிளெய்ன்ஸ் மேய்ச்சல் நிலங்களில் வசந்த காலத்தில் பசுமை அலை எப்படித் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது என்று பார்க்க, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தினர் பயன்படுத்தியதுதான் இந்தச் சூத்திரம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பயிர்க் காப்பீடு, வறட்சி அறிவிப்பு என்று எல்லா இடத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொட்டு நீலத்தில் இருக்கிற பாடம்

அப்போ என்டிவிஐ-தான் குளோரோஃபில்லா? இல்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

வெள்ளை வேட்டிக்கு நீலம் போடும்போது பார்த்திருப்பீர்கள். பக்கெட் தண்ணீரில் முதல் சில சொட்டு விட்டதுமே நிறம் சட்டென்று மாறும். ஏற்கெனவே நன்றாக நீலமான தண்ணீரில் இன்னும் பத்துச் சொட்டு விட்டால், பெரிய வித்தியாசம் தெரியாது. பத்துச் சொட்டா, இருபது சொட்டா என்று பார்வையால் சொல்ல முடியாது.

சிவப்பு ஒளிக்கும் குளோரோஃபில்லுக்கும் உள்ள உறவும் இதுவே. 665 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது குளோரோஃபில் அதிகம் விழுங்கும் இடத்தில், கொஞ்சம் குளோரோஃபில் இருந்தாலே சிவப்பு ஒளி ஏறக்குறைய முழுசாகக் காலியாகிவிடும். அதற்குமேல் குளோரோஃபில் இரட்டிப்பானாலும் என்டிவிஐ அசையாது.

இதற்குத் தீர்வு, குளோரோஃபில் அரைகுறையாக விழுங்கும் ஒரு நிறத்தைப் பார்ப்பது. சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் இடம், சுமார் 680 முதல் 750 நானோமீட்டர் வரை. இலை திருப்பி அனுப்பும் ஒளி அங்கே செங்குத்தான சுவர்போல ஏறும். விஞ்ஞானிகள் இதை 'ரெட் எட்ஜ்' என்கிறார்கள். நாம் சிவப்பு விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். குளோரோஃபில் கூடக்கூட அந்தச் சுவர் அகச்சிவப்புப் பக்கமாக நகரும். குறைந்தால் இந்தப் பக்கம் நகரும்.

எளிய சூத்திரம் ஒன்றை அனடோலி கிடெல்சன் குழுவினர் 2003-வாக்கில் முன்வைத்தார்கள். அகச்சிவப்பை சிவப்பு விளிம்பால் வகுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு புல்வெளியில் குளோரோஃபில் கூடியதால் சிவப்பு 4-லிருந்து 3 ஆகக் குறைகிறது, சிவப்பு விளிம்பு 14-லிருந்து 10 ஆகக் குறைகிறது, அகச்சிவப்பு 40-லேயே நிற்கிறது. என்டிவிஐ 0.82-லிருந்து 0.86 ஆகிறது. மேப்பில் நிறம்கூட மாறாது. சிவப்பு விளிம்புக் குறியீடோ 1.86-லிருந்து 3-க்குத் தாவுகிறது.

இதே யோசனையை முழு உலகத்துக்கும் கொண்டுபோனதில் ஒரு இந்தியர் பெயர் உண்டு. பிரிட்டனில் பணியாற்றும் ஜாதுநந்தன் தாஷ், பால் கரன் என்பவருடன் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட எம்டிசிஐ என்ற குறியீடு, 681, 709, 754 நானோமீட்டர் என்ற மூன்று பட்டைகளை வைத்துக் குளோரோஃபில்லை மதிப்பிடுகிறது. ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளுக்காக உருவானது அது. அதன் வாரிசு இன்று சென்டினல்-3 படங்களில் இருந்து தயாராகிறது. ஆனால் சென்டினல்-3-இன் ஒரு புள்ளி 300 மீட்டர் அகலம், 300 மீட்டர் நீளம். கணக்குப் போட்டால் 22 ஏக்கர். சின்னக் கிராமத்துக் கோமாளா அந்த ஒரே புள்ளிக்குள் காணாமல் போய்விடும்.

நமக்கு உதவுவது சென்டினல்-2. முதலாவது 2015 ஜூன் 23-இல் ஏவப்பட்டது, இரண்டாவது 2017 மார்ச் 7-இல். இந்த வரிசையில் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கும். சிவப்பு, அகச்சிவப்புப் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் வரும். 100 சதுர மீட்டர் என்பது கர்நாடகக் கணக்கில் ஏறக்குறைய ஒரு குண்டே, நம் கணக்கில் இரண்டரை சென்ட். சிவப்பு விளிம்புப் பட்டைகள் 20 மீட்டர் துல்லியத்தில்தான் கிடைக்கும், அதாவது நான்கு குண்டே.

நம் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர் வரை பார்க்கும். இன்னும் துல்லியம். ஆனால் அதில் சிவப்பு விளிம்புப் பட்டை இல்லை. கூர்மையான கண், இந்த ஒரு நிறம் மட்டும் தெரியாது.

ஒரே எண், இரண்டு நிலங்கள்

சரி, செயற்கைக்கோள் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டது. அது எதைச் சொல்கிறது?

குளோரோஃபில்லை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒரு இலையில் எவ்வளவு என்பது ஒன்று. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் இருக்கும் எல்லா இலைகளிலும் சேர்த்து எவ்வளவு என்பது இன்னொன்று. மேலே இருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு எளிதாகப் பிடிபடுவது இரண்டாவது.

ஒரு நிலத்தில் இலையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 40 மைக்ரோகிராம் குளோரோஃபில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் இரண்டு சதுர மீட்டர் அளவுக்கு இலை இருக்கிறது. மொத்தம் 0.8 கிராம்.

பக்கத்து நிலத்தில் புல் இரண்டு மடங்கு அடர்த்தி, நான்கு சதுர மீட்டர் இலை. ஆனால் சத்துக் குறைந்து வெளிறியிருக்கிறது, 20 மைக்ரோகிராம்தான். மொத்தம்? அதே 0.8 கிராம்.

முதலாவது நிலத்தில் புல் குறைவு, சத்து அதிகம். இரண்டாவதில் புல் அதிகம், சத்து குறைவு. மாட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல. மேய்ப்பவருக்கும் இது தெரியும், பார்த்ததுமே சொல்லிவிடுவார். செயற்கைக்கோள் கொடுக்கும் ஒற்றை எண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 'புரோசெயில்' போன்ற கணினி மாதிரிகள் இருக்கின்றன. இலையின் தடிமன், ஈரம், சாய்வு, மண்ணின் நிறம், சூரியன் நிற்கும் கோணம் என்று எல்லாவற்றையும் கொடுத்து, 'இப்படி இருந்தால் ஒளி எப்படித் திரும்பும்' என்று ஆயிரக்கணக்கான தடவை கணக்குப் போட்டு, செயற்கைக்கோள் பார்த்ததோடு எது பொருந்துகிறது என்று தேடுவார்கள். ஆனால் இதிலும் ஒரு வம்பு உண்டு. வெவ்வேறு கலவைகள் ஒரே விடையைக் கொடுத்துவிடும். தரையில் அளந்த எண் கையில் இல்லாமல் எது சரி என்று முடிவு செய்ய முடியாது.

வயலில் எளிது, புல்வெளியில் கஷ்டம்

கடலில்கூட இது எளிது. இந்திய மீனவர்களுக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் கடல் நீரில் உள்ள குளோரோஃபில்லையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைச் சொல்லிவருகிறது. நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் இது புதுச் செய்தி அல்ல.

நெல் வயலும் பரவாயில்லை. ஒரே பயிர், ஒரே வயது, ஒரே உயரம்.

புல்வெளி அப்படியா? ஒரு சதுர அடியில் துணியைக் குத்தும் ஊசிப்புல் இருக்கும், அருகம்புல் இருக்கும், நடுவில் தும்பை இருக்கும். போன வருஷத்துக் காய்ந்த தண்டு நிமிர்ந்து நிற்கும், அதன் அடியில் புதுத் துளிர் ஒளிந்திருக்கும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பது அந்தக் காய்ந்த தண்டைத்தான். துளிரைத் தின்ன ஆட்டுக்குத் தெரியும், எண்ணச் செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

அடுத்தது மண். கோலார் மாவட்டத்தில் செம்மண் அதிகம். செம்மண் சிவப்பு ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்பும். புல் அடர்த்தியாக இல்லாத இடத்தில் அந்த மண்ணின் சிவப்பும் இலையின் கணக்கில் கலந்து, எண்ணைக் கீழே இழுத்துவிடும். மண்ணின் குறுக்கீட்டைக் குறைக்கவே 1988-இல் ஆல்ஃப்ரெடோ ஹூயெட் 'சேவி' என்ற திருத்தப்பட்ட குறியீட்டைக் கொண்டுவந்தார். அது முழுத் தீர்வல்ல, ஓரளவுக்குக் கை கொடுக்கும்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னொரு விதம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். ஒரு 20 மீட்டர் புள்ளிக்குள் ஒரு மரத்தின் தலை விழுந்துவிட்டால், நீங்கள் படிப்பது புல்லின் குளோரோஃபில்லா, மரத்தினுடையதா?

இவை எல்லாவற்றையும் விடக் கடுப்பான ஒன்று மேகம். பேத்தமங்களா பக்கம் புல் பச்சையாக இருப்பது ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தில். வானம் மூடியிருப்பதும் அதே மாதங்களில்தான். புல் தன் உச்சத்தில் இருக்கும்போது செயற்கைக்கோளுக்குத் திரை விழுந்துவிடும். பிப்ரவரியில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பார்க்கப் பச்சை இருக்காது. மேகம் இல்லாத படங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வருஷத்துக்குச் சராசரி போட்டால், புல்வெளி எப்போதுமே காய்ந்து கிடப்பது போன்ற பிம்பம் தானாகவே வந்துவிடும்.

தரையில் குனியாமல் வேலை நடக்காது

எனவே ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் வரும் நாளை ஒட்டிப் புல்வெளிக்குப் போகிறார்கள். அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை வெட்டி எடுக்கிறார்கள். பச்சையைத் தனியாகவும் காய்ந்ததைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். ஆய்வகத்தில் 80 சதவீத அசிட்டோனில் இலையை அரைத்து, கிடைக்கும் பச்சைத் திரவத்தின் வழியாக 645, 663 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கிறார்கள். டேனியல் ஆர்னன் 1949-இல் எழுதிய முறை இது. இன்றும் பல ஆய்வகங்களில் அதுதான்.

வெட்டாமலே பார்க்க 'ஸ்பாட்' மீட்டர் இருக்கிறது. துணி கிளிப் மாதிரி இலையைக் கவ்வும். நெல்லுக்கு எவ்வளவு யூரியா போடலாம் என்று பார்ப்பதற்கு நம்மூர் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் கையில் அதிகம் பார்க்கலாம். ஆனால் அதன் கண் 2 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர். சில மெல்லிய புற்களின் இலை அந்தக் கண்ணை முழுசாக மறைக்கவே மறைக்காது. சின்ன விஷயம்தான், ஆனால் புல்வெளி ஆய்வு மெதுவாக நகர்வதற்கு இப்படிப்பட்ட பல சின்ன விஷயங்கள் காரணம்.

பச்சை கூடுவது எப்போது கெட்ட செய்தி?

இப்போது இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம்.

கோலார் மாவட்டத்தில் யூகலிப்டஸ் என்னும் தைல மரத்தோட்டங்களை நீங்கள் பார்க்காமல் பயணிக்க முடியாது. சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் பெயரில் இந்த மரம் இங்கே பரவியபோதே சர்ச்சை எழுந்தது. ராகி விளைந்த நிலங்கள் மரத்தோட்டமாக மாறுவதைப் பற்றி வந்தனா சிவா, எச்.சி. சரத்சந்திரா, ஜெயந்த பந்தோபாத்யாய் ஆகியோர் எழுதிய ஆய்வு பெங்களூரு ஐஐஎம்-இல் இருந்து 1981-இல் வெளிவந்தது. கடைசியில் 2017-இல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை விதித்தது.

இப்போது செயற்கைக்கோள் கண்ணால் பாருங்கள். ஏப்ரல் மாதம். கோமாளாவில் புல் காய்ந்துவிட்டது, எண் 0.2. பக்கத்துத் தைலத்தோப்பு பச்சையாக நிற்கிறது. இலையுதிர்க்காத மரம், ஆழத்தில் இருந்து நீரை இழுத்துக்கொள்ளும் மரம். எண் அதைவிடப் பல மடங்கு. கோமாளாவை அழித்துத் தைலம் நட்டால், அடுத்த பத்து வருஷத்தில் மேப்பில் அந்த இடம் பழுப்பில் இருந்து பச்சைக்கு மாறும். 'பசுமை அதிகரித்தது' என்று அறிக்கை எழுதலாம். பொய்யில்லை. ஆனால் அங்கே மேய ஒன்றும் இருக்காது.

சீமைக் கருவேலம் ஏறிய மேய்ச்சல் நிலத்துக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பழனி மலையில் நடந்தது இதன் பெரிய வடிவம். எம். அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்டோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் அங்கே இருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. காரணம், மரத்தோட்டங்களும் விவசாயமும். சீகை என்று மலை மக்கள் சொல்லும் வாட்டில் மரமும், பைனும், யூகலிப்டஸும் புல்லின் இடத்தைப் பிடித்தன. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பைன் மரங்களின் கீழே நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பசுமையை மட்டும் அளக்கும் எந்தக் கருவிக்கும் அந்த இழப்பு தெரியாது. இந்த ஆய்வாளர்கள் பார்த்தது பச்சை எவ்வளவு என்பதை அல்ல, அது எதன் பச்சை என்பதை.

இதைப் பிரித்துப் பார்க்க குளோரோஃபில் எண்ணே உதவும், ஒரு நாள் எண்ணாகப் பார்க்காமல் வருஷம் முழுக்க ஒரு கோடாக வரைந்தால். புல்வெளியின் கோடு மழைக்குப் பிறகு விறுவிறுவென்று ஏறி, ஜனவரிக்குள் இறங்கிவிடும். ராகி வயலின் கோடு விதைப்பில் ஏறி, அறுப்பில் சட்டென்று விழும். தைலத்தோப்பின் கோடு வருஷம் பூராவும் மேலேயே படுத்திருக்கும். வெறும் பாறையின் கோடு கீழேயே கிடக்கும். புல்வெளியா, தரிசா என்பதற்கு விடை அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது, ஏப்ரல் மாதத்து எண்ணில் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குளோரோஃபில் இல்லையென்றால் தீவனம் இல்லை என்று அர்த்தமல்ல. ராகி வைக்கோலில் குளோரோஃபில் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, மாடு அதைத் தின்றுதான் கோடையைத் தாண்டுகிறது. நின்றபடியே காய்ந்த புல்லும் அப்படித்தான். சத்து குறைவு, ஆனாலும் அது தீவனம்.

நீங்களே பார்க்கலாம்

'கோப்பர்னிகஸ் பிரவுசர்' என்ற இணையதளத்தில் சென்டினல்-2 படங்கள் இலவசம். உங்கள் ஊர்ப் பெயரைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்தால் படம் வரும். என்டிவிஐ அங்கே தயாராகவே இருக்கும். சிவப்பு விளிம்பைப் பார்க்க, சொந்தமாகக் குறியீடு அமைக்கும் பகுதிக்குப் போய், பேண்ட் 8ஏ, பேண்ட் 5 இரண்டையும் தேர்ந்தெடுங்கள். நான் மேலே சொன்ன சூத்திரம் அப்படியே வராது, ஆனால் அதே இரண்டு பட்டைகளின் ஒப்பீடுதான். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும்.

ஒரே ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இந்த அக்டோபரைப் போன அக்டோபரோடு மட்டும் ஒப்பிடுங்கள், அதிலும் இரண்டு வருஷத்திலும் மழை எவ்வளவு பெய்தது என்று பார்த்துவிட்டு. கோமாளாவின் எண் குறைந்திருந்தால் பக்கத்துப் புதர்க்காட்டையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் அது மழையின் வேலை. கோமாளா மட்டும் குறைந்திருந்தால் காரணம் தரையில் இருக்கிறது. அதிக மேய்ச்சலாக இருக்கலாம், தீயாக இருக்கலாம், ஜேசிபியாகவும் இருக்கலாம்.

2015-க்கு முந்தைய கதை வேண்டுமென்றால் லேண்ட்சாட் படங்கள் உண்டு. அதில் சிவப்பு விளிம்பு கிடையாது, என்டிவிஐ-தான். ஒரு புள்ளி 30 மீட்டர். பரவாயில்லை, கோட்டின் ஏற்ற இறக்கம் அதிலும் தெரியும்.

முடிந்தால் ஒருமுறை நேரிலும் போய்ப் பாருங்கள். சென்டினல்-2 நம் பக்கம் கடப்பது காலை 11 மணிக்குச் சற்று முன்பு. அடுத்து எந்தத் தேதியில் வரும் என்பதைப் பழைய படங்களின் தேதியில் இருந்து ஐந்தைந்து நாளாகக் கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம். அந்த நேரத்துக்குக் கோமாளாவில் நின்று, நான்கு குண்டே அளவுக்குச் சுற்றி நடந்து, எவ்வளவு பச்சை, எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு வெறும் மண் என்று ஒரு நோட்டில் எழுதி, போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால், இது என்ன புல், ஆடு இதைத் தின்னுமா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அன்றைக்கு மேகம் இருந்தால், ஐந்து நாள் கழித்து மறுபடியும் போக வேண்டியதுதான்.